வரைபடத்தில் இல்லாத மலை

முதல் நாள் ட்ரோன் சரியான நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தது. ஆனால் இறங்கவில்லை.

அடிவாரத்தில், தாலுகா மருத்துவமனையின் பின்பக்கத் திடலில் உட்கார்ந்து நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 13 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலைமேல் ஒரு சிற்றூரின் களத்துக்கு மேலே, 30 மீட்டர் உயரத்தில் அது நின்றது. முந்தின வாரம் நாங்கள் அந்தக் களத்தின் நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டக்குறியை வரைந்துவைத்திருந்தோம். அதைத்தான் ட்ரோனின் கேமரா தேட வேண்டும். குறியைக் காணோம். களம் முழுக்கப் பொன்னிறமாக ஏதோ பரவிக்கிடந்தது. ட்ரோன் இரண்டு முறை சுற்றிப் பார்த்தது. மூன்றாம் முறை கொஞ்சம் தாழ்ந்து பார்த்தது. பிறகு ‘இறங்கும் இடம் உறுதியாகவில்லை’ என்று திரையில் ஒரு வரி காட்டிவிட்டு, கொண்டுபோன மருந்துப் பெட்டியோடு திரும்பிவிட்டது.

மேலே இருந்த செவிலியர் தொலைபேசியில் சொன்னார்: “சாமை காயப் போட்டிருக்கிறார்கள் அம்மா. வெயில் இப்போதுதான் அடிக்கிறது. அள்ளச் சொல்லவும் மனம் வரவில்லை.”

இறங்காமல் வந்ததே நல்லதாயிற்று. இறங்கியிருந்தால் விசிறிக் காற்றில் ஒரு குடும்பத்தின் ஒரு வருடத்துச் சாமை புழுதியோடு புழுதியாகப் போயிருக்கும். அந்தக் களத்தைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது எங்கள் மென்பொருள். மரமில்லை, கம்பியில்லை, சமதரை என்று அதற்கு முதல் மதிப்பெண் கொடுத்திருந்தது. மலையில் சும்மா கிடக்கும் சமதரை என்று ஒன்று கிடையாது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே அன்றுவரை அது உறைக்கவில்லை.

அதற்கு முன் மூன்று வருடங்கள் போளூர், கலசபாக்கம் பக்கத்து வயல்களில் ட்ரோனால் மருந்து தெளித்துக்கொண்டிருந்தேன். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் என் போன்றவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டன. 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கிவிடலாம். நெல் வயலில் ட்ரோன் எப்போதும் என் கண் முன்னால் இருக்கும். வரப்பில் நின்றபடியே ஓட்டிவிடுவேன். மலைக்கு மருந்து அனுப்பும் சோதனைத் திட்டம் ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தபோதுதான், கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்புவது வேறு தொழில் என்று புரிந்தது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். அதைத் திட்டத்தை நடத்தியவர்கள் வாங்கியிருந்தார்கள். ஓட்டுவது என் கையாக இல்லாமல் கணினியாக இருக்கும், நான் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்றார்கள்.

செயற்கை நுண்ணறிவு என்றதும் ட்ரோனுக்குள் ஒரு மூளை உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். எங்களிடம் இருந்தவை தனித்தனி வேலை பார்க்கும் நான்கு மென்பொருள்கள். ஒன்று மலையின் ஏற்ற இறக்கத்தையும் காற்றையும் பார்த்து வழி போடும். ஒன்று இத்தனை சுமையோடு போனால் பேட்டரி எவ்வளவு மிஞ்சும் என்று கணிக்கும். ஒன்று கேமரா வழியாகக் கீழே இருப்பது மனிதரா, மாடா, இறங்கும் குறியா என்று அடையாளம் காணும். கடைசி ஒன்று, எந்த சுகாதார நிலையத்துக்கு எந்த மருந்து எப்போது தேவைப்படும் என்று பழைய பதிவுகளை வைத்துச் சொல்லும். நான்கும் தங்களுக்குக் கொடுக்கப்பட்டதில் கெட்டிக்காரத்தனமாகவே வேலை செய்தன. கொடுக்கப்படாத விஷயங்களில்தான் நாங்கள் ஒவ்வொரு மாதமும் அடி வாங்கினோம். அதனால்தான் எழுதுகிறேன். இதே வேலைக்கு வரப்போகிறவர்கள் அதே இடங்களில் அடி வாங்க வேண்டாம்.

இந்த யோசனை புதிதல்ல. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் ஜிப்லைன் நிறுவனம் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ரத்தத்தை ட்ரோனில் அனுப்புகிறது. அந்த ட்ரோன் மேலே பறந்தபடியே சின்ன பாராசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும், இறங்குவதே இல்லை. நம் நாட்டில் 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாதிலும், அடுத்த மாதமே மணிப்பூரிலும் தொடங்கினார்கள். மணிப்பூரில் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியின் நடுவில் இருக்கும் காராங் தீவுக்குத் தடுப்பூசி போனது. சாலையில் 26 கிலோமீட்டர், வானில் 15 கிலோமீட்டர். எங்களுக்கும் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் ஏரிக்குப் பதில் மலை. சாலை வளைந்து வளைந்து 38 கிலோமீட்டர் போகும். மழை நாளில் பைக்கில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

சாமைப் பிரச்சினையை முடித்துவிடுகிறேன். களத்தைக் காலி செய்து தரச் சொல்லலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவர்கள் நாம், களம் அவர்களுடையது. ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசியதில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறைத் திட்டைக் காட்டினார்கள். ட்ரோன் இறங்க அது போதாது. அதனால் இறங்குவதை விட்டுவிட்டு, 20 மீட்டர் உயரத்தில் நின்று கயிற்றில் பெட்டியை இறக்கும்படி மாற்றினோம். அந்த மாற்றத்துக்கே ஒரு மாதம் போனது. கிளம்புவதற்கு அரை மணி முன்பு செவிலியரைக் கூப்பிட்டு “இடம் எப்படி இருக்கிறது சிஸ்டர்?” என்று கேட்பதையும் அன்றுதான் தொடங்கினோம். இன்றுவரை அதை நிறுத்தவில்லை.

பாறைத் திட்டுக்கு மாறியதும் கேமராவில் வேறொரு குறை தெரிந்தது. அந்தப் பக்கமாகத்தான் பெண்கள் விறகு கொண்டு வருவார்கள். தலைமேல் விறகுக் கட்டு, அதற்குக் கீழே ஆள். மேலேயிருந்து பார்க்கும் கேமராவுக்கு நடந்து போகும் ஒரு சுள்ளிக் குவியல் மட்டுமே தெரிந்தது. ‘மனிதர் இல்லை, பெட்டியை இறக்கலாம்’ என்றது. அந்த வரியைத் திரையில் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. நான் கையால் நிறுத்தினேன். அந்த அம்மாள் ஒன்றும் அறியாமல் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடந்து போனார். அந்த மென்பொருளைப் பழக்கிய படங்களில் நகரத்துத் தெருக்களும் கால்சட்டை போட்ட மனிதர்களும் இருந்திருப்பார்கள். எங்கள் மலையில் மனிதர்கள் மேலேயிருந்து எப்படித் தெரிவார்கள் என்பதை யாரும் அதற்குக் காட்டவில்லை.

மலை ஊர்களைச் சேர்ந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். விறகுச் சுமையோடு, தண்ணீர்க் குடத்தோடு, குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு, மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு என்று சொந்தக்காரர்களையே நடக்கவைத்து, அனுமதி கேட்டு, 1,400 படங்கள் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் ஆள் இருக்கும் இடத்தைக் கட்டம் போட்டுக் குறித்தோம். மூன்று வாரம் கண் எரிந்தது. இதை வெளியூரில் யாரிடமாவது கூலிக்குக் கொடுத்துச் செய்யலாம் என்று சொன்னார்கள். மடித்த சாக்குக்குள் ஒரு கிழவி இருக்கிறாள் என்பது அந்த மலைப் பிள்ளைகளுக்குத்தான் பார்த்தவுடன் தெரியும். அதற்குப் பிறகும், அடையாளம் தெரியாமல் எது அசைந்தாலும் மனிதர் என்றே வைத்துக்கொள் என்று விதியை மாற்றிவிட்டோம். சில நாள் ஆட்டுக்காகவும் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தோம்.

தை மாதம் ஒரு ட்ரோனை இழந்தோம். இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். ஆனால் மலையில் பறக்கவிடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

விதிப்படி பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 120 மீட்டர் உயரம்வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். அதற்கு மேலே போனால் மஞ்சள் மண்டலம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சமவெளியில் இது எளிது. மலையில் தரையே ஏறி இறங்குகிறதே! ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு நேராகப் பறந்தால், நடுவில் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து அளக்கும்போது 300 மீட்டர் வந்துவிடும். ஆகவே ட்ரோன் சரிவோடு ஏறி, சரிவோடு இறங்கி, மலையைத் தடவிக்கொண்டே போக வேண்டும். எங்கள் வழித்திட்ட மென்பொருள் இதை அழகாகச் செய்தது. 290 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடிவாரத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊருக்கு, எந்த இடத்திலும் உயர வரம்பை மீறாமல் வழி போட்டது. அதில் ஒரு பிழையும் இல்லை.

முதல் முகட்டைத் தாண்டியதும் வரும் பள்ளத்தில் சிக்னல் அறுந்தது. சில விநாடிகள்தான். அறுந்தவுடன் செயற்கை நுண்ணறிவு ஒதுங்கிக்கொள்ள, ட்ரோனின் அடிப்படைக் கட்டுப்பாட்டுக் கருவியில் யாரோ எப்போதோ பதிந்துவைத்த பழைய கட்டளை மேலே வந்தது. ‘இணைப்பு போனால், கிளம்பிய இடத்திலிருந்து 120 மீட்டர் உயரத்துக்கு வந்து, நேர்கோட்டில் வீடு திரும்பு.’ கிளம்பிய இடத்திலிருந்து 120 மீட்டர் என்றால், கடல் மட்டத்திலிருந்து 410 மீட்டர். நேர்கோட்டில் நடுவே நின்றதோ 700 மீட்டர் முகடு. ட்ரோன் சொன்னபடி கேட்டது. இறங்கிக்கொண்டே திரும்பி, மலையில் மோதியது.

இரண்டு நாள் தேடினோம். ஆடு மேய்க்கும் ஒரு பையன்தான் கண்டுபிடித்துக் கூட்டிப்போனான். இறக்கை ஒடிந்து ஒரு மரக்கிளையில் தொங்கியது. இரும்புச்சத்து மாத்திரைப் பெட்டி அப்படியே இருந்தது. என் மனமெல்லாம் பேட்டரியில்தான் இருந்தது. லித்தியம் பேட்டரி நசுங்கித் தீப்பிடித்திருந்தால், தை மாதக் காய்ந்த புல்லில் எத்தனை ஏக்கர் காடு போயிருக்கும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழி போடும் மென்பொருள் எவ்வளவு திறமையானது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அது கைவிடும் நொடியில் யார் பொறுப்பேற்கிறார்கள், அவர்களுக்கு என்ன கட்டளை இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் ‘நேர்கோட்டில் திரும்பு’ என்பதை அடியோடு எடுத்துவிட்டோம். இணைப்பு போனால் வந்த வழியே திரும்ப வேண்டும், அல்லது வழியில் முன்பே குறித்துவைத்த ஐந்து பத்திர இடங்களில் பக்கத்தில் இருப்பதில் இறங்க வேண்டும். பிறகு, அடிவாரத்திலேயே ட்ரோனைப் பறக்கவிட்டு, வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் துண்டித்துச் சோதித்தோம். முதலில் செய்திருக்க வேண்டியது அது. வெவ்வேறு நிறுவனத்து சிம் போட்ட இரண்டு கைபேசிகளோடு நான்கு நாள் மலையை நடந்தே ஏறி, எங்கே சிக்னல் இருக்கிறது, எங்கே இல்லை என்று அடிக்கு அடி குறித்தோம். அந்தச் சிக்னல் படத்தை மென்பொருளுக்குக் கொடுத்ததும், அது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி போட்டது. 2 கிலோமீட்டர் கூடுதல். போகட்டும்.

அப்படி நடந்து ஏறியபோதுதான் மின்கம்பிகளையும் எண்ணினோம். உயர வரைபடத்தில் கம்பி இருக்காது. கேமராவுக்கும் மெல்லிய கம்பி எளிதில் தெரியாது. 2022-இல் ஆஸ்திரேலியாவின் லோகன் நகரில் விங் நிறுவனத்தின் ட்ரோன் ஒன்று மின்கம்பிமேல் இறங்கி, ஏறக்குறைய இரண்டாயிரம் வீடுகளுக்கு மின்சாரம் போனது. அங்கே அந்த நிறுவனம் எத்தனையோ ஆயிரம் முறை பறக்கவிட்ட பிறகு நடந்தது அது. நாங்கள் ஒவ்வொரு கம்பத்தையும் கையால் குறித்தோம்.

பங்குனியில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். களத்துச் சாமைக்காரரின் அண்ணன். “பாப்பா, உங்கள் ட்ரோன் தேன்பாறையை ஒட்டிப் போகிறது. பூப் பூத்துவிட்டது. மலைத்தேனீ வந்து அடை கட்டியிருக்கிறது. அதன் சத்தத்துக்கு அவை கலைந்தால் கீழே விறகுக்குப் போகிற பிள்ளைகளைத்தான் கொட்டும்” என்றார்.

திரையில் வழியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சொன்னது சரிதான். பாறைச் சுவரை ஒட்டியே போயிருந்தது. ஏன் என்று பழைய பதிவுகளைப் புரட்டியபோது விளங்கியது. அந்தப் பாறையில் மோதும் காற்று மேல்நோக்கி எழும். அதன்மேல் ஏறிப் போனால் பேட்டரி மிச்சமாகும். யாரும் சொல்லித் தராமல், பறந்து பறந்து அதைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தது மென்பொருள். வியந்துதான் போனேன். ஆனால் தேனீயைப் பற்றி அதற்கு எங்கிருந்து தெரியும்? பேட்டரி மிச்சம் என்பது அதன் கணக்கில் வரும், கொட்டு வாங்கும் பிள்ளை வராது. மாசி முதல் வைகாசிவரை அந்தப் பாறையைச் சுற்றி 200 மீட்டருக்குள் நுழையக்கூடாது என்று வரைபடத்தில் வட்டம் போட்டோம். பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வேறு எங்கெல்லாம் அடை கட்டும், பருந்து எங்கே கூடு வைக்கும், கோயில் காடு எது என்று கேட்டுக் கேட்டு இன்னும் ஏழு வட்டங்கள் போட்டேன். ஒரு மாலை முழுக்க ஆனது. திட்டத்தில் நான் செலவழித்த நேரத்தில் இதைவிடப் பயனுள்ள நேரம் இல்லை.

பேட்டரிகளைப் பற்றிச் சுருக்கமாக. மார்கழிக் காலையில் மலைமேல் குளிர்ந்துபோன பேட்டரியில் 90 சதவீதம் என்று காட்டும், ஏற்றத்தில் திணறும்போது மின்னழுத்தம் சடாரென்று விழும். கம்பளியில் சுற்றி வைத்து, கை பொறுக்கும் சூடு வந்த பிறகே மாட்டுங்கள். எல்லாப் பேட்டரியும் ஒன்றுதான் என்று கணிப்பு மென்பொருளை நினைக்கவிடாதீர்கள். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, எத்தனை முறை மின்னேற்றியது என்ற வரலாற்றோடு பதிந்த பிறகே கணிப்பு நம்பும்படியாக ஆனது. உப்பியது எதையும் அன்றே ஒதுக்கிவிடுங்கள். தடுப்பூசி அனுப்பும்போது ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைக்கக்கூடாது, வியர்த்து, உள்ளே தண்ணீர் குலுங்க ஆரம்பித்த பிறகே வைக்க வேண்டும். இல்லையென்றால் உறையக்கூடாத ஊசிகள் உறைந்து வீணாகும். பெட்டி வானில் போகிறது என்பதற்காக இந்தப் பழைய விதி மாறிவிடாது.

பிறகு ஆடி வந்தது.

எங்கள் கணிப்பு மென்பொருள் மார்கழி முதல் வைகாசிவரை பறந்த பறப்புகளில் பழகியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். ஆடியையே பார்த்திராத மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஆனி கடைசியிலேயே கணக்குப் பிசகத் தொடங்கியது. பேட்டரியில் 38 சதவீதம் மிஞ்சும் என்றது, ட்ரோன் 21 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே இடுக்கில் காற்று குவிந்து அடிக்கும். ஊரில் இலை அசையாத நேரத்தில்கூட அங்கே இரைச்சல் கேட்கும். உடனே பறப்பதைப் பாதியாகக் குறைத்தோம். பள்ளிக்கூடக் கூரையிலும் இடுக்குக்குப் பக்கத்திலும் காற்றுமானி வைத்தோம். மிச்சம் 30 சதவீதத்துக்குக் கீழே வரும் என்று கணித்தால் கிளம்பவே கூடாது என்று வரம்பு போட்டோம். ஒரு வருடம் முழுக்க, எல்லாப் பருவத்திலும் பறந்த பதிவு கையில் இல்லாமல், ‘எங்கள் அமைப்பு தயார்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த ஆடியில் ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு மேலேயிருந்து அழைப்பு வந்தது. சாமைக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த விஷமுறிவு மருந்து முதல் தவணைக்கே சரியாக இருந்தது. முதல் தவணைக்கே 8 முதல் 10 குப்பிகள் ஏற்ற வேண்டும். அடுத்ததற்கு இல்லை. ஆம்புலன்ஸ் கீழேயிருந்துதான் ஏறிப் போக வேண்டும்.

பத்துக் குப்பிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், அடியில் வெள்ளைத் தூள். நம் நாட்டில் இந்த மருந்து செய்யத் தேவைப்படும் பாம்பு விஷத்தில் பெரும்பகுதியை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் எடுத்துக் கொடுக்கிறது. அந்தக் குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

மென்பொருள் மறுத்தது. ‘இடுக்கில் காற்று அதிகம். மிச்சம் 11 சதவீதம்.’ கீழே ஒரு பொத்தான் இருக்கும், மறுப்பை மீறி அனுப்புவதற்கு. சுற்றி நின்ற நான்கு பேரும் என் விரலையே பார்த்தார்கள். ‘உயிர் போகிற விஷயம்’ என்றார் ஒருவர். உயிர் போகிற விஷயம் என்பதால்தான் நான் அழுத்தவில்லை. இருந்த பத்துக் குப்பிகளையும் காட்டில் விழவைத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது? எங்கள் ஓட்டுநர் தம்பி ஏற்கெனவே பைக்கைக் கிளப்பி நின்றிருந்தான். பெட்டியை அவன் முதுகில் கட்டினேன். ஒரு மணி 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான். கடிபட்டவரும் பிழைத்தார். அந்த ஒரு மணி 20 நிமிடத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எழுத முடியாது.

அந்த இரவிலிருந்து இரண்டு விஷயங்களை மாற்றினோம். அவசரம் என்றால், ட்ரோன் போகுமா என்று பார்ப்பதற்கு முன்பே பைக் கிளம்பிவிட வேண்டும். ட்ரோன் முந்திப் போய்விட்டால் பைக் பாதியில் திரும்பட்டும், நஷ்டமில்லை. மீறும் பொத்தானை ஒருவர் மட்டும் அழுத்தினால் வேலை செய்யாதபடி, கீழே ஒருவரும் மேலே ஒருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் திறக்கும்படி செய்தோம். ஆனால் இவற்றைவிடப் பெரிய கேள்வி வேறு. மழைக்காலத்தில் பாம்புக்கடி அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, மேலே ஏன் இருபது குப்பி இல்லை? காற்றில்லாத காலைகள் எத்தனை போயின! ட்ரோனால் கிடைக்கும் நிஜமான பயன், இருட்டில் புயலில் உயிர்காக்கப் பறப்பதில் இல்லை. நல்ல காலை நேரத்தில் அலமாரியை நிரப்பி வைப்பதில் இருக்கிறது. ருவாண்டாவில்கூட நடந்தது இதுதான். தேவைப்படும்போது வரும் என்ற நம்பிக்கை வந்ததும், மருத்துவமனைகள் பயந்து பயந்து ரத்தத்தைச் சேர்த்து வைப்பதை விட்டன, காலாவதியாகி வீணாவது குறைந்தது.

அலமாரியை எதைக் கொண்டு நிரப்புவது என்று சொல்வதுதான் நான்காவது மென்பொருளின் வேலை. மலைமேல் எங்களுக்கு நான்கு இடங்கள். இரண்டு வருடத்துக் கோரிக்கைப் பதிவுகளைப் படித்து, மூன்று இடங்களுக்கு மாதம் எட்டு முறை, நான்காவதான ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு மட்டும் மாதம் இரண்டு முறை என்று அது பங்கு போட்டிருந்தது. அங்கிருந்து கோரிக்கையே குறைவு, அதனால் தேவையும் குறைவு. கணக்குச் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் நான்கில் மிகத் தொலைவில் இருப்பது அந்த ஊர். பஸ் கிடையாது. அங்கே மட்டும் யாருக்கும் உடம்புக்கு வராதா?

ஆவணியில் ஒரு சனிக்கிழமை நடந்தே போனேன். அங்கிருந்த கிராம சுகாதாரச் செவிலியர் எனக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நீள நோட்டு. அட்டை போய், ஓரம் சுருண்டிருந்தது. தேதி, வயது, என்ன கேட்டு வந்தார்கள் என்று நீல மையில். கடைசிப் பத்தியில் சிவப்பு மையில் ஒரே சொல். இல்லை. அடுத்த வரியிலும் இல்லை. அடுத்ததிலும். ‘வயது 3, காய்ச்சல் மருந்து, இல்லை.’ ‘வயது 61, பிரஷர் மாத்திரை, இல்லை.’ ‘வயது 1, பேதி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இல்லை, வீட்டில் கலக்கச் சொல்லி அனுப்பினேன்.’

“இதையெல்லாம் கோரிக்கையில் எழுதி அனுப்பவில்லையா சிஸ்டர்?”

“தொடக்கத்தில் அனுப்பினேன். மழையில் வண்டி வராது, வந்தாலும் மேல் ஊர்களோடு தீர்ந்துவிடும். வராது என்று தெரிந்த பிறகு எதற்குக் கேட்பது? ஆனால் வந்தவர்கள் வந்தார்கள் இல்லையா, அதற்காவது ஒரு கணக்கு இருக்கட்டும் என்று எழுதி வைத்தேன்.”

மூன்று மாதப் பக்கங்களில் எண்ணிப் பார்த்தேன். 61 ‘இல்லை’. எங்கள் மென்பொருளிடம் இருந்த பதிவில் அதே மூன்று மாதத்துக்கு அந்த ஊரிலிருந்து 4 கோரிக்கை. அது கற்றுக்கொண்டது தேவையை அல்ல, கேட்டு அலுத்துப்போனவர்களின் மௌனத்தை. அந்த மௌனத்தைப் பார்த்து ‘இவர்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது’ என்று மேலும் குறைத்திருக்கிறது. குறைத்தால் இன்னும் கேட்க மாட்டார்கள். அடுத்த வருடம் ஒன்றாகியிருக்கும், பிறகு ஒன்றுமில்லாமல் போயிருக்கும். யாரும் தப்பு செய்யாமலே ஒரு ஊர் வரைபடத்திலிருந்து உதிர்ந்திருக்கும். அந்த அறையில் எனக்குக் கண் கலங்கியதை மறைக்கவில்லை. சிஸ்டரும் கண்டும் காணாததுபோல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த நோட்டின் ஒவ்வொரு வரியையும் நானே கணினியில் ஏற்றினேன். பதிவுப் படிவத்தில் ‘கேட்டார்கள், கொடுக்க இல்லை’ என்று தனிக் கட்டம் சேர்த்தோம். முன்பெல்லாம் பதிவு இல்லாத நாளை மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் வேறு, தெரியாது வேறு. தெரியாத நாளைத் தெரியாது என்றே வைத்து, அப்படி நாள்கள் சேர்ந்தால் ‘இந்த இடத்தைக் கேட்டுப் பார்’ என்று எங்களுக்கு நினைவூட்டும்படி மாற்றினோம். கணிப்பு என்ன சொன்னாலும் ஒவ்வொரு ஊருக்கும் மாதம் ஐந்து முறை போயே தீர வேண்டும் என்று ஒரு கீழ்வரம்பு போட்டோம். இதைத் திட்டக் கூட்டத்தில் சொன்னபோது, அப்படியானால் செயற்கை நுண்ணறிவு எதற்கு என்று ஒருவர் கேட்டார். நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் விரித்து வைத்தேன். அவரும் இரண்டு பக்கம் படித்தார். பிறகு கேட்கவில்லை.

புரட்டாசியிலிருந்து அந்த ஊருக்கு வாரம் இரண்டு முறை பெட்டி இறங்குகிறது. கோரிக்கைகள் 4-லிருந்து 40-க்கு மேலே போயிருக்கின்றன. ஊரில் நோய் கூடிவிடவில்லை, கேட்டால் வரும் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தீராதவை இருக்கின்றன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மேகம் மலைமேல் உட்கார்ந்துவிட்டால் கேமராவுக்குக் கண் தெரிவதில்லை. அந்த நாள்களில் பைக்தான். கயிறு ஈரத்தில் முறுக்கிக்கொள்கிறது, அதற்கு வேறு நூல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மென்பொருள் இரண்டுக்கும் வழி போட்டு, இறங்குமிடம் குறித்து, பறக்கத் தயார் என்று காட்டுகிறது. மார்கழி பிறந்ததும் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளோடு நடந்து ஏறப்போகிறோம். களத்தில் என்ன காய்கிறது என்று பார்க்க வேண்டும். இழுப்பறையில் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.